நெல்லையில் கல்யாணம், ஷார்ஜாவில் குடித்தனம்: மனைவி விசாவுக்குத் திருமணச் சான்றிதழைத் தயார் செய்வது எப்படி

தாலி ஏறி ஒன்பது மாதம் கழித்துத்தான் நான் ஷார்ஜா போய்ச் சேர்ந்தேன். மூன்று, மூன்றரை மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. மீதி மாதங்களைத் தின்றவை இரண்டு: என் பெயரில் மாறிப்போன ஓர் எழுத்து, சென்னையில் ஓர் ஏஜெண்ட் ஒட்டிக் கொடுத்த தப்பான ஸ்டிக்கர்.

வீட்டுக்காரர் லீவு முடிந்து விமானம் ஏறிவிட்டார். இங்கே அலைந்ததெல்லாம் நானும் மாமனாரும். மூன்றாவது தடவை சென்னைக்குக் கிளம்பும்போது மாமா கேட்டார்: "ஏம்மா, ஊரே வந்து பந்தியில உக்காந்து சாப்பிட்டுப் போச்சு. இன்னும் கல்யாணம் நடந்துச்சான்னா கேக்கான்?" ஆமாம், அப்படித்தான் கேட்கிறார்கள். வள்ளியூர் மண்டபத்தில் நடந்த கல்யாணம், ஷார்ஜா இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வெளிநாட்டுக் கல்யாணம். அதை அவர்கள் ஏற்றுக்கொள்ள ஒரே தாளில் வரிசையாக முத்திரைகள் வேண்டும். முதலில் சார்பதிவாளர் சான்றிதழ். அதன்மேல் தமிழக அரசு, அப்புறம் டெல்லி வெளியுறவு அமைச்சகம், அப்புறம் இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரகத்தின் சொந்த வெளியுறவு அமைச்சகம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு, எனக்கு அது தாமதமாகத்தான் புரிந்தது. ஒவ்வொரு இடத்திலும் பார்ப்பது தங்களுக்கு முந்தைய முத்திரையும் கையெழுத்தும் உண்மையா என்பதை மட்டும்தான். உங்கள் பெயர் சரியா, தேதி சரியா என்று யாரும் வாசிப்பதில்லை. கடைசியில் விசா விண்ணப்பத்தை அடிக்கும் டைப்பிங் சென்டர்க்காரர்தான் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து முதன்முதலாக வாசிக்கிறார். அங்கே தப்பு தெரிந்தால் அத்தனை முத்திரையும் வீண். மறுபடி சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்துதான் ஆரம்பம். அதனால் இந்தக் கட்டுரையில் முதல் இரண்டு படிகள் நீளமாக இருக்கும். அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள்.

1. நிச்சயதார்த்தம் முடிந்ததுமே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

நம் பக்கத்தில் பெயர் என்பது ஒரு பெயர், முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் அது மூன்று விதமாக ஏறியிருக்கலாம்: குடும்பப் பெயர் கட்டம் காலியாக, அப்பா பெயர் குடும்பப் பெயராக, அல்லது இனிஷியலே ஒற்றை எழுத்தாக. ஆதாரில் வேறு மாதிரி இருக்கும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இன்னொரு மாதிரி. இத்தனையிலும் பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதுதான் வேதம். மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள், குறிப்பாக ஆதாரை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆதாரைப் பார்த்துத்தான் பெயரை அடிப்பார்கள்.

என் பெயரில் 'லட்சுமி' உண்டு. பாஸ்போர்ட்டில் அது 'கே, எஸ், எச்' என்று மூன்று எழுத்தில் இருக்கிறது. ஆதாரில் ஒரே ஓர் 'எக்ஸ்'. இத்தனை வருஷமாக யாரும் கண்டுகொள்ளாத அந்த எக்ஸ்தான் எனக்கு நான்கு மாதம் செலவு வைத்தது.

குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2022 நவம்பர் முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அமீரகத்துக்குள் விடுவதில்லை என்று விதி வந்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பிறகு விளக்கம் கொடுத்தார்கள். குடும்ப விசாவுக்கு இது நேரடித் தடை இல்லை. ஆனாலும் "விசிட் விசாவில் முதலில் வந்துவிடு, இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்" என்று வீட்டுக்காரர் சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் போனாலும் திருமணச் சான்றிதழில் முத்திரைகள் எல்லாம் இருந்தால்தான் மாற்ற முடியும்.

பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ப்பது கட்டாயம் இல்லை. சேர்ப்பதாக இருந்தால் விசாவுக்குப் போடும் முன்பே சேர்த்துவிடுங்கள். புதுப் புத்தகம் வந்தால் எண்ணும் மாறிவிடும். திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது, மதுரை அலுவலகத்துக்குக் கீழே வருவது. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தத்கால் என்றால் மேலே 2,000. பாஸ்போர்ட் காலாவதி ஆக ஆறு மாதத்துக்குக் கீழே இருந்தாலும் இப்போதே புதுப்பியுங்கள்.

2. சார்பதிவாளர் அலுவலகம்: மாப்பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்

கோயில் ரசீது, ஜமாஅத் தஃப்தர், சர்ச் பதிவேடு எதுவானாலும் சரி, அதோடு நின்றுவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதமானாலும் அரசுப் பதிவு கட்டாயம். பின்னால் வரும் முத்திரைகளும் இந்தச் சான்றிதழ்மேல்தான் விழும். மேலப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் நிக்காஹ் பதிவுத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு சென்னை வரை போய்த் திரும்பி வந்தாள்.

கணக்கு இது. கல்யாணம் முடிந்து 90 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் 100 ரூபாய். அடுத்த 60 நாளுக்குள் என்றால் 150. 150 நாளைத் தாண்டிவிட்டால் இந்தச் சட்டத்தில் பதிய முடியாமல் திண்டாடுவீர்கள். அப்போது இந்துக்களுக்கு 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் பதியும் வழி இருக்கிறது.

ஆனால் 90 நாள் இருக்கிறதே என்று சாவகாசமாக இருக்க முடியாது. மாப்பிள்ளைக்கு லீவு 30 நாள். அதில் மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் என்று பாதி போய்விடும். இருவரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் போனது இருபத்தாறாம் நாள், மறுநாள் அவருக்கு விமானம். அந்த அவசரத்தில் பிழையைக் கவனிக்கவில்லை. நீங்கள் கல்யாணம் முடிந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். விருந்து எங்கேயும் போய்விடாது.

கையில் இருக்க வேண்டியவை: இருவர் பாஸ்போர்ட், ஆதார், வயதுக்கு மார்க் ஷீட் அல்லது பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும்போது எடுத்த போட்டோ, பாஸ்போர்ட் அளவுப் போட்டோக்கள், மண்டபம் அல்லது கோயில் ரசீது. இவற்றுக்கெல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸ். சாட்சிகளை அவரவர் ஆதாரோடு கூட்டிப் போங்கள். கல்யாணத்தை நடத்தி வைத்தவரின் கையெழுத்தும் படிவத்தில் வேண்டும். இதைக் கல்யாணத்தன்றே ஐயரிடமோ ஆலிம்சாவிடமோ பாஸ்டரிடமோ வாங்கி வைத்துக்கொண்டால் அப்புறம் தேடி அலைய வேண்டாம். விண்ணப்பத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே அடித்து நாள் வாங்கிக்கொள்ளலாம். பத்திர வேலை பார்ப்பவரிடம் கொடுத்தால் ஆயிரம், ரெண்டாயிரம் கேட்பார். கொடுப்பது உங்கள் இஷ்டம். ஆனால் பெயரை அவர் அடிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள்.

எந்த அலுவலகம் என்பதில் ஒரு சிறு குழப்பம் வரும். கல்யாணம் நடந்த மண்டபம் எந்த எல்லையில் இருக்கிறதோ அந்த அலுவலகத்தில் போட்டால் கேள்வி வராது. சில மண்டபங்கள் ஒரு ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் எல்லையில் நிற்கும். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சான்றிதழைக் கையில் வாங்கும் முன், வரைவு நிலையிலேயே, பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து எழுத்து எழுத்தாக வாசியுங்கள். வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் பெயர், கணவர் பெயர், நான்கு பெற்றோர் பெயர், பிறந்த தேதிகள், கல்யாண தேதி. பத்திரிகையில் ஆவணி என்று தமிழ்த் தேதி முன்னால் இருப்பதைப் பார்த்து ஆங்கிலத் தேதியை மாற்றி அடித்த கதையும் கேட்டிருக்கிறேன். வரைவில் பிழையைக் காட்டினால் இரண்டு நிமிஷ வேலை. சான்றிதழ் வந்தபின் என்றால் மனு, பிரமாணப் பத்திரம், இருவர் கையெழுத்து. என் விஷயத்தில் அந்த இருவரில் ஒருவர் ஷார்ஜாவில் இருந்தார்.

இன்னொன்று. லேமினேஷன் செய்யாதீர்கள். முக்கியமான தாள் என்றால் நம் ஊரில் கை தானாக லேமினேஷன் கடைக்குப் போகும். முத்திரையும் ஸ்டிக்கரும் அந்தத் தாளின் பின்பக்கம்தான் விழ வேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் யாரும் முத்திரை குத்த மாட்டார்கள். ஒரு நல்ல கோப்பில் மடிக்காமல் வையுங்கள். இன்னொரு சான்றிட்ட நகலும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. அப்போஸ்டிலா, அட்டஸ்டேஷனா: இதை முடிவு செய்யாமல் ஏஜெண்டிடம் கொடுக்காதீர்கள்

என் ஐந்து வாரம் போனது இங்கேதான்.

அப்போஸ்டில் என்பது ஓர் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கான ஒற்றை ஸ்டிக்கர். அது ஒட்டியிருந்தால் தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. இந்தியா அதில் 2005இலிருந்து இருக்கிறது. வளைகுடாவில் ஓமன், பஹ்ரைன், பிறகு 2022இல் சவூதியும் சேர்ந்தன. ஆக மஸ்கட்டுக்கோ மனாமாவுக்கோ ரியாத்துக்கோ போகிறவர்களுக்கு அப்போஸ்டில். அமீரகமும் கத்தாரும் குவைத்தும் அதில் இல்லை. அங்கெல்லாம் வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண முத்திரை, அதன்மேல் அந்த நாட்டுத் தூதரக முத்திரை. இதைத்தான் அட்டஸ்டேஷன் என்கிறார்கள்.

சென்னையில் நாங்கள் கொடுத்த ஏஜெண்ட் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று மாமாவிடம் சொல்லி அப்போஸ்டில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். தூதரக மையத்தில் திருப்பிவிட்டார்கள். ஏஜெண்டிடம் கேட்டால், "நீங்க அரபு நாடுன்னுதானே சொன்னீங்க" என்கிறார்.

யாரிடம் கொடுத்தாலும் இந்த நான்கையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்: எந்த நாட்டுக்கு, அப்போஸ்டிலா அட்டஸ்டேஷனா, மாநில முத்திரை தமிழக அரசு வழியா டெல்லி மாஜிஸ்திரேட் வழியா (அடுத்த படியில் சொல்கிறேன்), மொத்தம் எவ்வளவு.

4. தமிழக அரசு முத்திரையும் டெல்லி முத்திரையும்

மாநில அரசின் சான்றொப்பம் சென்னை தலைமைச் செயலகத்தில். திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸில் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, கொக்கிரகுளத்தில் ஒரு முழு நாள் நின்றேன். கிடைக்காது. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிக் காலையில் இறங்கினால் அன்றே கொடுத்துவிடலாம். நேரில் போக முடிந்தால் போங்கள், இந்தப் படிக்கு ஏஜெண்ட் வாங்கும் காசுக்கு இரண்டு பேர் ரயிலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

சில ஏஜெண்டுகள் மாநில முத்திரைக்குப் பதிலாக டெல்லியில் ஒரு சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட் முத்திரையை வாங்குவார்கள். அது சீக்கிரம் முடியும். நான் அந்த வழியில் போகவில்லை. நம் சான்றிதழ் தமிழ்நாட்டில் கொடுத்தது, தமிழ்நாடு அரசே அதை உறுதி செய்திருப்பது கேள்விக்கு இடம் வைக்காது.

அடுத்தது வெளியுறவு அமைச்சகம். அவர்கள் நேரடியாக நம்மிடம் தாளை வாங்குவதில்லை. அவர்கள் அமர்த்திய சேவை நிறுவனங்கள் வாங்கிக் கொடுத்து வாங்கித் தரும். சென்னையிலேயே இந்த வேலை நடக்கிறது, டெல்லிக்குப் போக வேண்டாம். சாதாரண அட்டஸ்டேஷனுக்கு அமைச்சகம் கட்டணம் வாங்குவதில்லை, அப்போஸ்டிலுக்கு 50 ரூபாய். சேவை நிறுவனத்தின் கட்டணமும் சிறு தொகைதான். இதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். "டெல்லி சார்ஜ்" என்று சொல்லி என்னிடம் 3,000 கேட்டார்கள்.

5. அமீரகத் தூதரக முத்திரை

டெல்லியில் தூதரகம், மும்பையில் துணைத் தூதரகம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாத செய்தி, திருவனந்தபுரத்திலும் அமீரகத் துணைத் தூதரகம் இருக்கிறது என்பது. நாகர்கோவில் வழியாகப் போனால் நமக்கு அதுதான் பக்கம். தாளை எந்த மையத்தில் கொடுக்க வேண்டும், நாள் முன்பதிவு உண்டா என்பதைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவில் இந்தியாவில் பெரிய தொகை இங்கேதான் போகும், ஆயிரங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கூரியரில் அனுப்புவதாக இருந்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்துவிட்டு அனுப்புங்கள்.

6. அக்கரையில் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது

அசல் சான்றிதழ் அங்கே போனதும் அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. ஒரு தாளுக்கு 150 திர்ஹம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதன்பின் அரபு மொழிபெயர்ப்பு. அங்கே அரசு உரிமம் பெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும். ஊரில் மொழிபெயர்த்து எடுத்துப் போவது வீண். மொழிபெயர்ப்பிலும் பெயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அரபு தெரியாவிட்டாலும் அரபு தெரிந்த ஒருவர் கம்பெனியில் இருப்பார்.

சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி தரும் வீடும். இதுதான் மனைவியை அழைக்கக் கீழ்வரம்பு. தொழிலாளர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, வங்கியில் என்ன ஏறுகிறதோ அதுதான் கணக்கு. கையில் வாங்கும் ஓவர்டைமும் கமிஷனும் கணக்கில் வராது. கல்யாணம் பேசும்போது "மாப்பிள்ளைக்கு அஞ்சாயிரம் திர்ஹம்" என்பார்கள், ஒப்பந்தத்தில் 2,800 இருக்கும். பெண் வீட்டார் இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வீட்டு வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் வேண்டும், அதுவும் பதிவு செய்தது. துபாயில் இதை எஜாரி என்பார்கள். பெட் ஸ்பேஸில், அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்து, இருப்பவர்கள் இதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே வீடு பார்க்க ஆரம்பிக்க வேண்டும். வாடகைக்கு மொத்தமாகச் செக் கேட்பார்கள் என்பதால் எங்கள் வீட்டில் நகை ஒன்று அடகுக்குப் போனது. அது தனிக் கதை.

இவற்றோடு சம்பளச் சான்று, அவர் எமிரேட்ஸ் ஐடி (அமீரகத்தின் அடையாள அட்டை), உங்கள் பாஸ்போர்ட் ஸ்கேன், வெள்ளைப் பின்னணிப் போட்டோ. டைப்பிங் சென்டரில் அடித்துக் கொடுத்தால் நுழைவு அனுமதி வரும். என் எக்ஸ் மாட்டியது இந்த மேஜையில்தான். "பாய், வைஃப் நேம் நாட் சேம்" என்று மலையாளி டைப்பிஸ்ட் சொன்னதை இவர் போனில் எனக்குச் சொல்லிக் காட்டியபோது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அத்தனை முத்திரைக்கும் கொடுத்த காசு மறுபடி போனது.

7. வந்து இறங்கியபின்

நுழைவு அனுமதி கிடைத்து 60 நாளுக்குள் நாட்டுக்குள் வந்துவிட வேண்டும். வந்த 60 நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை, எமிரேட்ஸ் ஐடிக்குக் கைரேகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் முடித்து ரெசிடென்ஸ் விசா வாங்க வேண்டும். பரிசோதனையில் ரத்தமும் மார்பு எக்ஸ்ரேயும் உண்டு. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால்கூட எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன் சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் 2022இலேயே நின்றுவிட்டது. எமிரேட்ஸ் ஐடிதான் இப்போது அத்தாட்சி, ஸ்டிக்கரைக் காணோமே என்று பதற வேண்டாம்.

கல்யாணமே வெளிநாட்டில் நடந்திருந்தால்

முத்திரை வரிசை கல்யாணம் நடந்த நாட்டில்தான் தொடங்கும். கொழும்பில் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு இலங்கை வெளியுறவு அமைச்சகம், அங்கே உள்ள அமீரகத் தூதரகம், அப்புறம் அமீரகம். சென்னையில் யாரும் அந்தத் தாளில் முத்திரை வைக்க மாட்டார்கள். இருவரும் திருநெல்வேலிக்காரர்களாகவே இருந்தாலும் இதுதான்.

நேரமும் காசும், என் கணக்குப்படி

பிழை இல்லாமல் நடந்த இரண்டாவது சுற்றை வைத்துச் சொல்கிறேன். திருத்திய சான்றிதழ் கையில் வந்தபின் மாநிலம், டெல்லி, தூதரகம் மூன்றும் சேர்த்து ஐந்து வாரம். அங்கே முத்திரையும் மொழிபெயர்ப்பும் ஒரு வாரம். நுழைவு அனுமதி ஆறு நாள். இந்தியச் செலவு, ரயில் டிக்கெட்டும் சேர்த்து, பதினான்காயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. அங்கே விசா, பரிசோதனை, ஐடி, காப்பீடு எல்லாம் சில ஆயிரம் திர்ஹம். திர்ஹத்தை அன்றைய விலையில் ரூபாயாக்கிப் பாருங்கள். தலைக்கு மேலே போகும் கணக்கு அதுதான், ஊர்ச் செலவு அதன் முன்னால் ஒன்றுமில்லை. டிக்கெட்டை நுழைவு அனுமதி கைக்கு வரும் வரை போடாதீர்கள். நான் நம்பிக்கையில் முன்பே போட்டு ஒன்றை இழந்தேன்.

கடைசியாக, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு. ஆறு மாதத்துக்குமேல் அமீரகத்துக்கு வெளியே இருந்தால் ரெசிடென்ஸ் விசா செல்லாமல் போய்விடும். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுக் கூட்டி வந்து, குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து அனுப்புவது நம் பழக்கம். கூட்டிப் பார்த்தால் ஆறு மாதக் கோட்டை ஒட்டித்தான் நிற்கும். கிளம்பிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுத்து, அதன் பிறப்புச் சான்றிதழிலும் இதே முத்திரை வரிசையை வாங்க வேண்டும், அதற்கும் இந்த ஆறு மாதத்துக்குள்தான் நேரம். அங்கேயும் பெயரை முதலில் எப்படி அடிக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் அத்தை பேரனுக்கு 'சுடலைமுத்து' என்று வைக்க ஆசைப்படுகிறார். அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.